டாண்டம் சைக்கிள்ல கடலோரமா ஒரு நாள்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

கடலோரமா டாண்டம்ல போகப்போறோம்னு சொன்னா போதும், எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்துக்கும் சேத்து இங்கயே எழுதிட்டேன். நான் பெரும்பாலும் பின் சீட்டுலதான் உக்காருவேன், அதனால பதில் எல்லாம் கொஞ்சம் பின் சீட்டு பக்கமாவே சாஞ்சிருக்கும், முன் சீட்டுக்காரங்க பொறுத்துக்கோங்க.

டாண்டம்னா என்ன, கேரியர்ல ஒருத்தர் உக்காந்து வர்ற டபுள்ஸா?

இல்லங்க. ரெண்டு சீட்டு, ரெண்டு ஹேண்டில்பார், ரெண்டு செட் பெடல். முன்னாடி இருக்கறவர் கேப்டன், பின்னாடி இருக்கறவர் ஸ்டோக்கர். ரெண்டு பேரோட பெடலையும் ஒரு செயின் இணைக்கும், டைமிங் செயின்னு சொல்வாங்க, பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். பின் வீலை சுத்தற செயின் வழக்கம்போல வலது பக்கம். இதனால என்ன ஆகும்னா ரெண்டு பேர் காலும் ஒரே வேகத்துலதான் சுத்தும், ஒருத்தர் நிறுத்தினா இன்னொருத்தரும் நிறுத்தியே ஆகணும். எவ்ளோ அழுத்தி மிதிக்கறோம்ங்கறது மட்டும்தான் அவங்கவங்க இஷ்டம். தனித்தனியா நிறுத்திக்கற மாதிரி செஞ்ச வண்டிகளும் இருக்கு, ஆனா அபூர்வம்.

புதுசா வந்த சாமானும் இல்ல இது, 1880கள்லயே ஆரம்பிச்சாச்சு. 1972 வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல டாண்டம் ரேஸே இருந்துச்சு.

ரெண்டு பேர் மிதிச்சா டபுள் வேகத்துல போகலாம்தானே?

டபுள்லாம் கிடையாது. ஆனா சமதளத்துல தனி சைக்கிளை விட வேகமாவே போகும், ஏன்னா காத்தை கிழிக்கறது கேப்டன் மட்டும்தான், பின்னாடி இருக்கறவர் அவர் முதுகுக்கு பின்னால ஒளிஞ்சிருக்கார், தள்றது மட்டும் ரெண்டு பேர் பலம். இறக்கத்துல இன்னும் பயங்கரம், ரெண்டு பேர் வெயிட்டும் சேந்து இழுக்கும். ஏத்தத்துலதான் மானம் போகும், வெயிட் முழுசா ஏறணும், ரெண்டு பேரோட தம்மும் ஒரே நேரத்துல சரியா வந்து சேராது, பக்கத்துல தனி சைக்கிள்காரங்க சிரிச்சுக்கிட்டே தாண்டி போவாங்க. போகட்டும், அடுத்த இறக்கத்துல பாத்துக்கலாம்.

கடலோர ரோடுன்னா சமதளமாதானே இருக்கும், ஏத்தத்துக்கு ஏன் பயப்படணும்?

இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. மணல் கரையா இருந்தா சரி, தட்டையாதான் இருக்கும். ஆனா பாறையும் செங்குத்து முனையுமா இருக்கற கரைன்னா, அங்கதான் காட்சி அழகா இருக்கும்னு எல்லாரும் போவாங்க, ஒவ்வொரு ஆறும் ஓடையும் கடல்ல சேர்ற இடத்துல ரோடு கீழ இறங்கும், அடுத்த முனைக்கு திரும்ப ஏறும், மறுபடி இறங்கும். எந்த ஏத்தமும் பெருசு இல்ல, ஒவ்வொண்ணும் ஐம்பது மீட்டரு, எண்பது மீட்டரு, அவ்ளோதான், ஆனா சாயங்காலம் கூட்டிப் பாத்தா ஒரு மலையே ஏறி இறங்கின கணக்கு வந்துருக்கும். மேப்ல ரோடு கடலை ஒட்டி நேரா போகுதேன்னு பாக்காதீங்க, ஏத்த இறக்கம் காட்டற கிராஃப் ஒண்ணு ரூட் ஆப்ல இருக்கும், அது ரம்பம் மாதிரி தெரிஞ்சா தூரத்தை குறைச்சுக்கோங்க.

அப்ப ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் வெக்கலாம்?

ரெண்டு பேருக்கும் சைக்கிள் பழக்கம் இருந்து டாண்டம் மட்டும் புதுசுன்னா 40, 50 கி.மீ. தாராளம். மணிக்கு 15லருந்து 20 கி.மீ. போகும், ஆனா கடலோரத்துல யாரும் விடாம ஓட்டறதில்ல, நின்னு நின்னுதான் போவோம், அதனால மூணு மணி நேர ஓட்டம் முழு நாளா ஆகிடும். பழகினவங்க 80, 100கூட போறாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல, அவ்ளோ தூரம் வெச்சா கடலை பாக்கறதுக்கு பதிலா கிலோமீட்டரைத்தான் பாத்துட்டு இருப்போம். ரெண்டு பேர்ல யாருக்கு தெம்பு கம்மியோ அவங்க தூரம்தான் வண்டியோட தூரம்.

முன்னாடி யார் உக்காரணும், வெயிட்டா இருக்கறவங்களா?

பொதுவா வெயிட்டா இருக்கறவங்க முன்னாடி இருந்தா வண்டி அடங்கும். ஆனா அதை விட முக்கியம் சைக்கிள் அனுபவமும் கை பலமும். சிக்னல்ல நிக்கும்போது ஸ்டோக்கர் ரெண்டு காலையும் பெடல்லயே வெச்சுக்கிட்டு ஹாயா உக்காந்திருப்பார், மொத்த வண்டியையும் சாயாம புடிக்கறது கேப்டன் ஒருத்தர்தான். ட்ராஃபிக்ல நிதானமா இருக்கறவங்க, பின்னாடி ஒரு உயிர் உக்காந்திருக்குன்னு நினைப்பு இருக்கறவங்க, அவங்கதான் முன்னாடி. வேகப்பைத்தியத்தை பின்னாடி உக்கார வெச்சு மிதிக்க விடுங்க, அந்த தெம்பு அங்க நல்லா உபயோகமாகும்.

பின்னாடி இருக்கறவருக்கு என்னதான் வேலை, வேடிக்கை பாக்கறதா?

மிதிக்கறதுதான் முதல் வேலை, அதை யாரும் மறக்கக்கூடாது. அதுக்கப்புறம் கை சிக்னல் காட்டறது, பின்னாடி வண்டி வருதான்னு திரும்பிப் பாத்து சொல்றது, மேப் பாக்கறது, தண்ணி எடுத்து குடுக்கறது, போட்டோ எடுக்கறது எல்லாமே ஸ்டோக்கர்தான், ஏன்னா அவருக்கு பெரும்பாலும் பிரேக்கும் கிடையாது ஸ்டியரிங்கும் கிடையாது, ரெண்டு கையும் ஃப்ரீ.

வேடிக்கைன்னு கேட்டீங்கள்ல, அங்கதான் விஷயமே. கேப்டன் கண்ணு ரோட்டுலயே இருக்கணும், பள்ளம், மணல் திட்டு, எதிர்ல வர்ற லாரின்னு பாத்துக்கிட்டே இருக்கணும், கடல் அவருக்கு ஓரக்கண்ணுல நீலமா ஒரு கோடு. ஸ்டோக்கருக்கு நேரா முன்னாடி தெரியறது ஒரு முதுகுதான், வேர்வையில ஒட்டின டீஷர்ட்டு, அதுல உப்பு பூத்து வெள்ளை வெள்ளையா கோடு, அவ்ளோதான். ஆனா பக்கவாட்டுல பாத்தா மொத்த கடலும் அவருதுதான். அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, எங்க நிக்கணும்னு முடிவு பண்ற உரிமையை ஸ்டோக்கர்கிட்ட குடுத்துருங்க. எந்த வளைவுல அலை பாறைல மோதுது, எங்க தண்ணி பச்சையா மாறுதுன்னு அவருக்குத்தான் தெரியும், கேப்டன்கிட்ட விட்டா அவர் நல்ல வேகத்துல போறோமேன்னு எல்லாத்தையும் தாண்டி போயிடுவார். அப்புறம் ராத்திரி போட்டோவ பாத்துதான் அவருக்கே தெரியும் இன்னிக்கு எங்க போனோம்னு.

கிளம்பும்போதே விழுந்துருவோமோன்னு பயமா இருக்கு, எப்படி ஏறணும்?

எல்லாருக்கும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கும். கேப்டன் முதல்ல, காலை பின்னாடியா தூக்கி போடாம முன் பக்கமா ஹேண்டில்பாருக்கு மேல கொண்டு வரணும், பின்னாடி ஆள் நின்னா மூஞ்சியிலயே உதைச்சிருவார். ரெண்டு காலையும் நல்லா அகட்டி தரையில ஊணிக்கிட்டு ரெண்டு பிரேக்கையும் இறுக்கி புடிக்கணும். அகட்டலைன்னா ஸ்டோக்கர் பெடல் சுத்தும்போது முன் பெடலும் சேந்து சுத்தி கேப்டனோட கெண்டைக்கால பதம் பாத்துரும், சின்ன விஷயம் மாதிரி இருக்கும், வாங்கினவங்களுக்கு தெரியும்.

வண்டி அசையாம நிக்கறப்ப ஸ்டோக்கர் ஏறி சீட்டுல உக்காந்து ரெண்டு காலையும் பெடல்ல வெச்சுரணும். அப்புறம் கேப்டனுக்கு எந்த கால் வசதியோ அந்த பெடல் மேல வர்ற வரைக்கும் பின்னோக்கி சுத்தி குடுக்கணும். கேப்டன் ஒரு காலை வெச்சு "ரெடியா, ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு சொல்லி பிரேக்கை விட்டா ரெண்டு பேரும் ஒரே அழுத்து. அந்த முதல் அழுத்துல தயங்கினாதான் வண்டி ஆடும், தைரியமா அழுத்தினா ரெண்டு சுத்துல நேராயிடும். கண்டிப்பா சின்ன கியர்ல கிளம்பணும், அதனால நிக்கறதுக்கு முன்னாடியே கியரை இறக்கி வெச்சுக்கோங்க.

நிக்கும்போது ஸ்டோக்கர் கீழ காலே வெக்கக்கூடாது. நல்லது பண்றேன்னு அவர் ஒரு பக்கம் காலை ஊண, கேப்டன் இன்னொரு பக்கம் சாய, அப்படித்தான் விழறது.

வழியில என்னென்ன சொல்லிக்கணும்?

பின்னாடி ஆளுக்கு பள்ளம் வர்றதே தெரியாது, முழு குலுக்கலும் முதுகெலும்புல வாங்குவார். அதனால "பள்ளம்", "கியர் மாத்தறேன்", "மிதிக்காத", "பிரேக்", "இடது", "வலது", இந்த அளவுக்கு ஒத்தை வார்த்தையா வெச்சுக்கோங்க. காத்து சத்தத்துல நீளமா பேசினா பாதிதான் கேக்கும். கேப்டன் எப்பவும் ஒரு செகண்ட் முன்னாடியே சொல்லணும், பள்ளத்துல இறங்கினப்புறம் "பள்ளம்"னு சொல்றது செய்தி வாசிக்கறதுக்கு சமம்.

ஸ்டோக்கரும் சொல்லியாகணும். டக்குனு திரும்பி பின்னாடி பாக்கறது, பையில கைய விட்டு தேடறது, போன எடுத்து சாஞ்சு போட்டோ எடுக்கறது, இதெல்லாம் சொல்லாம செஞ்சா வண்டி தானா ஒரு பக்கம் ஒதுங்கும், கேப்டனுக்கு யாரோ ஹேண்டிலை இழுத்த மாதிரி இருக்கும். "போட்டோ எடுக்கறேன்"னு ஒரு வார்த்தை போதும்.

காத்து எப்படி இருக்கும், எந்த பக்கத்துலருந்து கிளம்பறது?

கடலோரத்துல நாளோட தலையெழுத்தே காத்துதான், வெயில்கூட அப்புறம்தான். காலைல கடல் அமைதியா இருக்கும், கரையிலருந்து கடலை நோக்கி லேசா காத்து இருந்தாலும் இருக்கும். வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் சூடாகும், தண்ணி அவ்ளோ சீக்கிரம் சூடாகாது, தரைக்கு மேல இருக்கற காத்து சூடாகி மேல போக, அந்த இடத்துக்கு கடல்லருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். இதுதான் கடல்காத்து. முற்பகல்ல மெதுவா ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு மூணு மணி வாக்குல உச்சத்துக்கு வரும். முதல்ல கரைக்கு நேர்குறுக்கா அடிக்கும், நேரம் ஆக ஆக பூமி சுத்தறதால திசை கொஞ்சம் கொஞ்சமா திரும்பும், வடக்கு அரைக்கோளத்துல வலது பக்கமா, தெற்குல இடது பக்கமா. அதாவது குறுக்கு காத்துன்னு நினைச்சது சாயங்காலம் முன் காத்தாவோ பின் காத்தாவோ மாறலாம். அது மேல அந்த சீசனோட பொதுவான காத்து வேற இருக்கும், ரெண்டும் ஒரே பக்கம் சேந்தா கேக்கவே வேணாம்.

அதனால விடிஞ்சதும் கிளம்புங்க. போயிட்டு அதே வழில திரும்பறதா இருந்தா காலைல எதிர்காத்துல போயிட்டு மத்தியானம் காத்து முதுகுல தள்ளற மாதிரி திட்டம் போடுங்க, தெம்பு தீர்ற நேரத்துல அந்த தள்ளு பெரிய வரம். ஒரு வழி மட்டும்னா காத்து எந்த பக்கம் போகுதோ அந்த பக்கம், இதுல பெருமை பாக்காதீங்க. எதிர்காத்துல தனி சைக்கிளை விட டாண்டம் பரவால்ல, ஆனா பரவால்லங்கறதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

குறுக்கு காத்துல ஒண்ணு கவனிக்கணும். பாறை மறைவுலயோ கட்டடத்துக்கு பக்கத்துலயோ போயிட்டு திடீர்னு திறந்த வெளிக்கு வரும்போது ஒரு அறை விழும். டாண்டம் நீளமா இருக்கறதால சுலபமா கவிழாது, ஆனா ரெண்டு பேர் உடம்பும் பாய் விரிச்ச மாதிரி காத்தை வாங்கும், ரோட்டுல ஒரு அடி தள்ளி விட்ரும். மறைவு முடியற இடத்துக்கு முன்னாடியே கேப்டன் சொல்லிடணும், பெரிய லாரி தாண்டி போகும்போதும் இதே கதைதான்.

கடல் எந்த பக்கம் இருந்தா நல்லது?

இடது பக்கம் ஓட்டற நாட்டுல கடல் இடது பக்கம் வர்ற மாதிரியும், வலது பக்கம் ஓட்டற நாட்டுல வலது பக்கம் வர்ற மாதிரியும் போனா காட்சிக்கும் உங்களுக்கும் நடுவுல எதிர் ட்ராஃபிக் இருக்காது, நினைச்ச இடத்துல ரோட்டை கடக்காமலே ஒதுங்கி நிக்கலாம். காத்தும் இதுவும் ஒத்துவரலைன்னா காத்து சொல்றதைக் கேளுங்க.

இறக்கத்துல பிரேக் போதுமா?

இது சீரியஸான கேள்வி. ரெண்டு பேர், வண்டி, பை எல்லாம் சேந்து சுலபமா 160, 170 கிலோ வந்துரும். ரிம் பிரேக் வண்டில நீளமான இறக்கத்துல விடாம புடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிக்கும், அந்த சூட்டுல டயர் வெடிச்சதெல்லாம் உண்டு. அதனாலதான் டூரிங் டாண்டம்ல பின் வீலுக்கு தனியா ஒரு டிரம் பிரேக் வெச்சு, அதை ஸ்டோக்கர் கையில குடுத்து இறக்கம் முழுக்க லேசா புடிச்சுக்கிட்டே வர சொல்வாங்க. இப்ப பெரும்பாலும் பெரிய டிஸ்க்தான் வருது, நல்லா நிக்கும், அதுவும் சூடாகும். நேரா நல்லா தெரியற இடத்துல விட்டுட்டு, வளைவுக்கு முன்னாடி அழுத்தி புடிச்சு, திரும்ப விட்ருங்க. செங்குத்தா இருந்தா பாதியில நின்னு ஆற விடுங்க, எப்படியும் அங்க பாக்க ஏதாவது இருக்கும். நின்னவுடனே டிஸ்க்கை தொட்டுப் பாக்காதீங்க.

பீச் மணல்லயே ஓட்டினா சூப்பரா இருக்குமே?

போட்டோவுக்கு சூப்பர். காஞ்ச மணல்ல முன் வீல் புதைஞ்சு அங்கயே நின்னுரும். தண்ணி இறங்கின நேரத்துல ஈர மணல் கெட்டியா இருக்கும், ஓட்ட முடியும், ஆனா உப்புத்தண்ணி மொத்தமா செயின்லயும் பேரிங்லயும் ஏறும், ஒரு நாள் சந்தோஷத்துக்கு வண்டி ஆயுசு குறையும். நான் வேணாம்னுதான் சொல்வேன்.

ரோட்டுலயே காத்து கொண்டு வந்து போட்ட மணல் திட்டு இருக்கும், குறிப்பா வளைவுல. அதுல ஏறிட்டா பிரேக்கும் புடிக்காதீங்க, திருப்பவும் திருப்பாதீங்க, நேரா உருள விடுங்க, ஸ்டோக்கர் சிலையா உக்காந்திருக்கணும்.

பின் சீட்டுல உக்காந்தா வலிக்குமா?

வலிக்கும், மறைக்க ஒண்ணும் இல்ல. தனி சைக்கிள்ல பள்ளம் வந்தா நம்மளே லேசா எழுந்துருவோம், சிக்னல்ல இறங்கி நிப்போம், இங்க ரெண்டுமே இல்ல. ஸ்டோக்கருக்கு மட்டுமாவது ஸ்ப்ரிங் வெச்ச சீட் போஸ்ட் போடுங்க, அதுக்கு செலவு பண்றதுல கேப்டன் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் சேந்து பெடல்ல எழுந்து நின்னு பத்து செகண்ட் சும்மா உருளுங்க. எழுந்து நின்னு மிதிக்கறது வேற வித்தை, வண்டி ரெண்டு பேருக்கும் சேந்து ஆடணும், அது போகப்போக வரும்.

சண்டை வருமாமே?

வரும். "நீ மிதிக்கவே இல்ல"ங்கற ஒரு வரிதான் எல்லா டாண்டம் சண்டைக்கும் ஆரம்பம். பெரும்பாலும் அது உண்மையும் இல்ல, ஏத்தத்துல கேப்டனுக்கு மூச்சு வாங்குது, பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியல, அதனால சந்தேகம். நிஜமான காரணம் மிதிக்கற வேகம். ஒருத்தருக்கு பெரிய கியர்ல மெதுவா அழுத்தினா புடிக்கும், இன்னொருத்தருக்கு சின்ன கியர்ல கடகடன்னு சுத்தினா புடிக்கும், ஆனா செயின் ரெண்டு பேரையும் ஒரே வேகத்துல கட்டி வெச்சிருக்கு. முதல் மணி நேரத்துலயே நடுவுல ஒரு வேகத்துக்கு வந்துருங்க, சந்தேகம்னா ஒரு கியர் குறைச்சே போங்க, முட்டிக்கும் நல்லது.

கண் தெரியாதவங்க, குழந்தைங்க வரலாமா?

தாராளமா. பாராலிம்பிக்ஸ்ல பார்வை இல்லாத வீரர்கள் ஓட்டறதே டாண்டம்லதான், முன்னாடி பார்வை உள்ள பைலட் இருப்பார். டூர்லயும் அதே, கேப்டன் கொஞ்சம் அதிகமா பேசணும், அலை எந்த பக்கம், படகு எங்க, ரோடு எப்படி வளையுதுன்னு சொல்லிக்கிட்டே வரணும். அலை சத்தத்தை வெச்சே பாறையா மணலான்னு அவங்க நமக்கு முன்னாடி சொல்லிடுவாங்க. குழந்தைக்கு கால் எட்டணும்னா பெடலை மேல தூக்கற செட் தனியா கிடைக்குது, தூரத்தை பாதியாக்கிருங்க, தூங்கி விழுற வயசா இருந்தா வேணாம்.

வாடகைக்கு எடுத்தா என்ன பாக்கணும்?

கியர் இருக்கான்னு முதல்ல பாருங்க. பீச்ல நடைபாதைல ஓட்டறதுக்குன்னே ஒத்தை கியர் டாண்டம் குடுப்பாங்க, அதை வெச்சு டூர் போக முடியாது. டைமிங் செயினை நடுவுல விரலால அழுத்துங்க, ஒரு சென்டிமீட்டர் மாதிரி அசைஞ்சா சரி, தொங்கினா கழண்டுக்கும். பின் வீல்ல ஸ்போக் 36 இல்ல 40 இருந்தா நிம்மதி, ஒண்ணாவது லூசா இருந்தா வேற வண்டி கேளுங்க. டயர் 32 மி.மீ.க்கு மேல இருக்கட்டும், காத்து கடைக்காரர் முன்னாடியே அடிச்சு பாருங்க, காத்து கம்மியா இருந்தா பள்ளத்துல டியூப் நசுங்கி பஞ்சர் ஆகறது பின் வீல்தான். ஸ்டோக்கர் ஹேண்டில்பார் கேப்டன் இடுப்புல இடிக்குதான்னு ஓட்டிப் பாத்துட்டுதான் காசு குடுக்கணும்.

கையில என்ன எடுத்துட்டு போகணும்?

ரெண்டு டியூப், பம்ப், டூல், செயின் லிங்க் (ரெண்டு செயினும் வேற வேற அகலமா இருந்தா ரெண்டுக்கும்). தண்ணி ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு, வெயில்ல கூடவே. கடல்காத்து குளுகுளுன்னு இருக்கறதால வெயில் சுடறதே தெரியாது, அதுதான் மோசம், காஞ்ச மணல் புறஊதா கதிரை 15 சதவீதம் வரைக்கும், அலை நுரை 25 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், அதனால தாடைக்கு கீழயும் சன்ஸ்கிரீன் போடுங்க. கண்ணாடி கண்டிப்பா, வெயிலுக்கு மட்டுமில்ல, மணலுக்கும்.

பஸ், ரயில், கார்ல ஏத்த முடியுமா?

நீளம் கிட்டத்தட்ட 2.4 மீட்டர், வெயிட் 15லருந்து 20 கிலோ. கார் மேல டாண்டம் ரேக் போட்டா போகும். ரயில்ல ஏத்துவாங்களான்னு முன்னாடியே கேட்டுருங்க, தனி சைக்கிள் விடற இடத்துலகூட சில சமயம் டாண்டமை விட மாட்டாங்க. நடுவுல கழட்டி ரெண்டா மடிக்கற ஃபிரேமும் இருக்கு, விலை ஜாஸ்தி.

திரும்பி வந்ததும் வண்டிக்கு என்ன பண்ணணும்?

அன்னிக்கு ராத்திரியே கழுவணும், நாளைக்குன்னு விட்டா காலைல போல்ட் தலையெல்லாம் காவி கட்டியிருக்கும். கடல் பக்கமே இறங்கலைன்னாலும் காத்துலயே உப்பு வந்து ஒட்டியிருக்கும், ஃபிரேமை விரலால தடவினா பிசுபிசுன்னு தெரியும். நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி கழுவுங்க, பிரஷர் வாஷர் அடிச்சா உப்பும் மணலும் பேரிங்குக்குள்ள போயிரும். செயினை துணியால நல்லா துடைச்சு காய வெச்சு எண்ணெய் விட்டு மேல வழியறதை துடைச்சிருங்க, வழிய விட்டா அடுத்த தடவை மணல் வந்து அதுல ஒட்டி செயின் சக்கரத்தோட பல்லை அரைக்கும். வலது பக்க செயினை எல்லாரும் கவனிப்பாங்க, இடது பக்க டைமிங் செயினை மறந்துருவாங்க. மறக்காம அதுக்கும் எண்ணெய் விடுங்க, அப்படியே எக்சென்ட்ரிக்கையும், அதாவது கேப்டன் பெடலோட அச்சு உக்கார்ற, டைமிங் செயினை டைட் பண்ண திருப்பற உருளையையும், ஒரு தடவை துடைச்சு வெச்சிருங்க, உப்புல அது இறுகிடுச்சுன்னா அப்புறம் அந்த செயினை டைட் பண்ணவே முடியாது.